வீடியோ விளையாட்டும் வீதியோரச் சிறு கடையும்

நத்தார் நெருங்கும் காலத்தில் மொன்றியல் நகரின் பேரங்காடிகளுக்குச் செல்லும் எம்மவர் குடும்பங்களில் ஒரு காட்சி ஆண்டுதோறும் தவறாது இடம்பெறுகின்றது. வீடியோ விளையாட்டுக் கடையின் கண்ணாடிக்கு முன்னால் பிள்ளை நின்றுவிடும். தாய் விலைச்சீட்டைப் பார்ப்பார். தந்தை அந்த விலையை வேலை மணித்தியாலங்களாக மாற்றி மனதுக்குள் கணக்கிடுவார். புதிய விளையாட்டு ஒன்றின் விலை இன்று 90 டொலரைத் தொட்டு, வரியுடன் 100 டொலரையும் தாண்டிவிடுகின்றது. பிள்ளையின் ஆசையை முற்றாக மறுப்பதற்கும் மனம் வருவதில்லை. பள்ளியில் ஏனைய பிள்ளைகள் பேசும் பேச்சில் தன் பிள்ளை மட்டும் வாய்மூடி நிற்பதை எந்தப் பெற்றோரும் விரும்பார்.

இந்த இக்கட்டுக்கு வழி ஒன்று உண்டு. அது பேரங்காடிக்கு வெளியே, வீதியோரத்தில் இருக்கும் சிறு கடை. சொந்தக்காரரே கல்லாவில் அமர்ந்து, பழையதை வாங்கி, துடைத்து, திருத்தி, மீண்டும் விற்கும் கடை. எம்மவரிற் பலர் இத்தகைய கடையினுள் நுழையத் தயங்குகின்றனர். பெரிய நிறுவனம் என்றால் நம்பிக்கை, சிறிய கடை என்றால் சந்தேகம் என்ற எண்ணமே அதற்குக் காரணம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை இவ்வணிகத்தின் வரலாற்றைக் கொண்டே ஆராய்தல் தகும்.

பாலைவனத்திற் புதைக்கப்பட்ட கசெற்றுகள்

வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடும் இயந்திரங்கள் 1970களில் அமெரிக்காவிற் பரவின. 1972இல் தொடங்கப்பட்ட அற்றாரி நிறுவனம் 1977இல் வெளியிட்ட இயந்திரம், கசெற்றை மாற்றி மாற்றிப் பல விளையாட்டுகளை ஆடும் முறையை வீடுகள்தோறும் கொண்டுசென்றது. இலாபத்தைக் கண்டு எண்ணற்ற நிறுவனங்கள் தரமற்ற விளையாட்டுகளை உற்பத்தி செய்து குவித்தன. 1983இல் இச்சந்தை சரிந்தது. விற்க முடியாத கசெற்றுகள் கடைகளிற் சில டொலர்களுக்கு வாரி இறைக்கப்பட்டன. தயாரித்த நிறுவனங்கள் பல மூடப்பட்டமையால், விற்காத பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் கடைக்காரருக்கு இடமில்லாமற் போயிற்று. அதே ஆண்டில் அற்றாரி நிறுவனம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமொகோர்டோ என்ற ஊரிலுள்ள குப்பைமேட்டில் தன் கசெற்றுகளைப் புதைத்தது. 2014இல் அவ்விடத்தைத் தோண்டியபோது ஏறத்தாழ 1,300 கசெற்றுகள் மீட்கப்பட்டன.

இந்த அழிவுக்குப் பின்னர் வீடியோ விளையாட்டு என்ற பெயரைக் கேட்டாலே அமெரிக்கக் கடைக்காரர் அஞ்சினர். 1889இல் யப்பானின் கியோத்தோ நகரிற் சீட்டுக்கட்டுத் தயாரிக்கும் தொழிலகமாகத் தோன்றிய நின்டென்டோ நிறுவனம், 1985இல் நியூயோர்க் நகரக் கடைகளை அணுகியபோது இந்த அச்சத்தையே எதிர்கொண்டது. ஆகவே அது ஒரு வாக்குறுதியை அளித்தது: பொருளை நாங்களே கொண்டுவந்து அடுக்குகிறோம், விற்றவற்றுக்கு மட்டும் பணம் தாருங்கள், விற்காதவற்றைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். கடைக்காரர் இணங்கினர். திட்டம் பெருவெற்றி பெற்றது.

வெற்றி பெற்றபின் நிலைமை தலைகீழாயிற்று. முன்னர் கடைக்காரரிடம் இறங்கிவந்த நிறுவனம், இப்போது எக்கடைக்கு எவ்வளவு பொருள் என்பதைத் தானே தீர்மானித்தது. தன் அனுமதி பெறாத கசெற்றுகள் இயங்காதவாறு இயந்திரத்தினுள் தொடக்கத்திலேயே ஒரு பூட்டுச் சில்லைப் பொருத்தியிருந்தது. கடைகள் தாம் விரும்பியவாறு விலையைக் குறைக்கவிடாமல் அழுத்தம் கொடுத்தது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அமெரிக்க அரச அதிகாரிகள் எடுத்த நடவடிக்கை 1991இல் இணக்கத்தில் முடிந்தது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் வாங்கியோருக்கு 5 டொலர் பெறுமதியான கழிவுச்சீட்டுகளை வழங்க உடன்பட்டது. ஒரு கடையின் தட்டில் எது இருக்கவேண்டும், என்ன விலைக்கு இருக்கவேண்டும் என்பதைக் கடைக்காரர் தீர்மானிப்பதா, தொலைவிலுள்ள ஒரு நிறுவனம் தீர்மானிப்பதா என்ற கேள்வி அன்றே தோன்றிவிட்டது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

பெருநிறுவனங்களும் ஒருகாலத்திற் சிறு கடைகளே

பெருநிறுவனங்களின் பிறப்பை ஆராய்ந்தால் வியப்பான செய்திகள் கிடைக்கின்றன. கனடாவின் பேரங்காடிகளில் எமக்கு நன்கு தெரிந்த இ.பி. கேம்ஸ் கடைகளின் மூலம் 1977இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஒரு பேரங்காடியின் நடைபாதையிற் போடப்பட்ட சிறு விற்பனைக்கூடம் ஆகும். அங்கு விற்கப்பட்டவை கணிப்பான்களும் எண்ணிலக்கக் கைக்கடிகாரங்களும். அதனைத் தொடங்கிய ஜேம்ஸ் கிம், கொரியாவிலிருந்து படிக்க வந்து பல்கலைக்கழகத்தில் ஆசிரியப்பணி புரிந்தவர்.

கனடாவின் பியூச்சர் ஷொப் நிறுவனத்தின் கதையும் இதனை ஒத்ததே. ஈரானியப் புரட்சிக்குப் பின்னர் தாய்நாட்டை விட்டு வெளியேறிய ஹசன் கொஸ்ரோஷாஹி என்பவர் 1982இல் வன்கூவரில் அதனைத் தொடங்கினார். பழைய விளையாட்டுகளை வாங்கி விற்கும் முறையைப் பெருமளவில் வளர்த்தவரும் ஒரு சிறு வணிகரே. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் பொமிஜே என்பவர் 1988இல் தபால்மூலம் பழைய கசெற்றுகளை விற்கத் தொடங்கினார். பின்னர் அவர் திறந்த ஃபங்கோலாண்ட் கடைகளில், வாங்குமுன் விளையாட்டை ஆடிப்பார்க்கும் வசதி இருந்தது.

இக்கடைகள் பெருகின; பெருகியபின் ஒன்றையொன்று விழுங்கின. ஃபங்கோலாண்ட் 2000இல் விற்கப்பட்டு, பிற்பாடு கேம்ஸ்ரொப் ஆகிய நிறுவனத்துடன் இணைந்தது. 2001இல் பியூச்சர் ஷொப்பை அமெரிக்காவின் பெஸ்ற் பை நிறுவனம் வாங்கியது. 2005இல் இ.பி. கேம்ஸும் கேம்ஸ்ரொப்பின் கைக்குச் சென்றது. நடைபாதையில் நின்று வாடிக்கையாளரின் முகம் பார்த்து விற்ற கடை, எங்கோ ஒரு தலைமையகத்தில் எழுதப்படும் விலைப்பட்டியலைப் பின்பற்றும் கடையாக மாறியது.

பெரியது என்பதால் அது நிலைத்ததா? இல்லை. 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் இந்நகருக்கு வந்த எம்மவர், விலைப்பட்டியற் புத்தகத்தைப் பார்த்துச் சீட்டில் இலக்கம் எழுதிக் கொடுத்துப் பொருள் வாங்கிய கன்சூமர்ஸ் டிஸ்ரிபியூட்டிங் கடைகளை மறந்திருக்கமாட்டார்கள். அது 1996இல் மூடப்பட்டது. வீடியோ கசெற்றுகளையும் விளையாட்டுகளையும் வாடகைக்குக் கொடுத்த புளொக்பஸ்ரர், கனடாவில் 2011இல் மறைந்தது. பியூச்சர் ஷொப் 2015 மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் மூடப்பட்டது. வேலைக்கு வந்த ஊழியர்கள் பூட்டிய கதவையே கண்டனர். இ.பி. கேம்ஸ் கடைகளின் பெயர் 2021இல் கேம்ஸ்ரொப் என மாற்றப்பட்டது. 2025இல் அக்கடைகள் கனடியத் தொழில்முனைவர் ஒருவருக்கு விற்கப்பட்டு, மீண்டும் பழைய பெயரைப் பெற்றன. ஆகவே பெரிய கடைதான் நிலையானது என்ற நம்பிக்கைக்கு வரலாறு சான்று தரவில்லை.

அகதிகளின் கடைத்தெரு

சிறு கடை என்பது எமது இனத்தவருக்குப் புதியதன்று. அகதி வாழ்வுக்கும் சிறு கடைக்கும் இடையிலான உறவுக்குச் சென்னையின் பர்மா பஜாரை விடச் சிறந்த சான்று இல்லை. 1962இல் பர்மாவில் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் வணிகங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1964இல் உயர்பெறுமதி நாணயத்தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டன. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் வெறுங்கையுடன் கப்பலேறினர். அவ்வாறு வந்தோரின் பிழைப்புக்காக 1969இல் தமிழ்நாட்டு அரசின் ஏற்பாட்டில், சென்னைத் துறைமுகத்துக்கு அருகே, கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய வீதியோரத்திற் சிறு பெட்டிக்கடைகள் அமைந்தன. அதுவே பர்மா பஜார்.

வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதியை இந்தியா கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்த காலம் அது. பெரிய கடைகளிற் காணமுடியாத வானொலி, கைக்கடிகாரம், வீடியோ டெக் முதலியன அப்பெட்டிக்கடைகளிற் கிடைத்தன. தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் இயந்திரங்களும் கசெற்றுகளும் அத்தகைய கடைகளின் வழியாகவே சென்னையின் நடுத்தர வீடுகளுக்குச் சென்றன. அங்கு போலிப் பொருள்களும் களவாகப் பிரதிசெய்த ஒளித்தட்டுகளும் விற்கப்பட்டமையையும் மறைத்தல் ஆகாது. ஆயினும், நாடிழந்து வந்த மக்கள் தம் சொந்த முயற்சியால் ஒரு பெருநகரின் மின்னணு வணிகத்திற் பங்கெடுத்தனர் என்பது பெருமைக்குரிய செய்தியே. 1983இற்குப் பின்னர் சென்னையில் தங்கியிருந்து பின் கனடா வந்த ஈழத்தமிழர்களிற் பலர் அக்கடைகளில் விலைபேசிய அனுபவம் உடையவர்கள்.

மொன்றியலிலும் எம்மவர் அதே வழியைப் பின்பற்றினர். பார்க் எக்ஸ்ரென்ஷன், கொத் டி நேஜ் பகுதிகளின் தமிழ்ப் பலசரக்குக் கடைகளில் அரிசி மூடைகளுக்கு மேலே தமிழ்த் திரைப்பட வீடியோ கசெற்றுகள் அடுக்கப்பட்டிருந்த காலத்தை நினைவுகூர்வோம். பெரிய வாடகை நிறுவனங்களின் தட்டுகளில் எமது மொழிக்கு இடம் இருக்கவில்லை. கொப்பியிற் பெயரை எழுதிக் கசெற்றைக் கொடுத்த அந்தக் கடைக்காரரே எமது வார இறுதிகளுக்கு ஒளியூட்டினார். பெரிய நிறுவனம் கைவிட்ட இடத்தைச் சிறு கடை நிரப்பும் என்பதை நாம் நூலிற் படித்து அறியவில்லை, வாழ்ந்து அறிந்தோம்.

இரு கடைகள், இரு அனுபவங்கள்

2004ஆம் ஆண்டு மாரியில் நிகழ்ந்த ஒன்றை இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். என் மகன் தன்னிடமிருந்த ஐந்து நின்டென்டோ கசெற்றுகளை ஒரு பேரங்காடிக் கடையிற் கொடுத்து வேறொன்று வாங்க விரும்பினான். ஐந்துக்கும் சேர்த்து அவர்கள் தர முன்வந்த தொகை, ஒரு பழைய கசெற்றை வாங்கவும் போதவில்லை. கல்லாவில் நின்ற இளைஞர் கணினித் திரையைக் காட்டி, “விலையை நாங்கள் தீர்மானிப்பதில்லை” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மகன் கசெற்றுகளைக் கொடுத்துவிட்டான். இரண்டு கிழமைகளின் பின்னர் அவற்றுள் ஒன்று மட்டுமே நாம் ஐந்துக்கும் பெற்றதைவிடக் கூடிய விலையில் அத்தட்டில் இருந்தது. மகன் அதைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, இது என்ரை” என்றான். நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டில் அவனது இயந்திரம் இயங்க மறுத்தது. புதியது வாங்குவதே வழி என்று பலரும் கூறினர். வீதியோரக் கடை ஒன்றில் இருந்த முதியவர் அதனைத் திறந்து, கசெற் பொருந்தும் இடத்திலுள்ள உலோகத் தொடுப்புகளை மதுசாரம் தோய்த்த பஞ்சினால் துடைத்து, மகனையே அதனை இயக்கிப் பார்க்கச் சொன்னார். அது இயங்கியது. அவர் வாங்கிய கூலி ஒரு மதிய உணவின் விலையைத் தாண்டவில்லை. 1990இன் பின்னர் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, மின்கலங்களுக்கும் தடை விதிக்கப்பட்ட யாழ்ப்பாணத்திற் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். பழுதான பொருளைத் திருத்தித் தருபவரின் அருமையை எமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

தேடுவது எவ்வாறு?

மொன்றியலின் சிறு வணிகம் பேரங்காடிகளுக்குள் இல்லை. சென் ஹுபேர், சென் டெனி, மொன் றுவயால் போன்ற நீண்ட கடைவீதிகளிலிருந்து தேடலைத் தொடங்கலாம். பெயர்ப்பலகையிற் சில பிரெஞ்சுச் சொற்களைக் கவனிக்கவேண்டும். ‘யூசாஜே’ என்றால் பாவித்த பொருள். ‘எஷான்ஜ்’ என்றால் மாற்றிக்கொள்ளுதல். ‘ரெப்பராசியோன்’ என்றால் திருத்தவேலை. இம்மூன்றும் ஒரே பலகையில் இருப்பின் அது நாம் தேடும் கடையாக இருக்கக்கூடும்.

உள்ளே சென்றபின் கேட்கவேண்டியவை சில. இயக்கிக் காட்டமுடியுமா என்று முதலிற் கேளுங்கள். தகுந்த கடைக்காரர் மறுக்கமாட்டார். ஒளித்தட்டாயின் அதன் அடிப்புறத்தை வெளிச்சத்திற் பிடித்துக் கீறல்களைப் பாருங்கள். பழைய கசெற்றுகள் பலவற்றினுள் விளையாடிய நிலையைச் சேமிப்பதற்கென நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு; அது ஆண்டுகள் பல சென்றபின் செயலிழக்கும். அது மாற்றப்பட்டதா என்று விசாரியுங்கள். புகழ்பெற்ற பழைய கசெற்றுகளுக்குப் போலிகளும் உலவுகின்றன. விலை நம்பமுடியாத அளவு குறைவாயின் எச்சரிக்கை தேவை.

பாரிஸிலும் லண்டனிலும் உள்ள உறவினர் அன்புடன் அனுப்பும் பழைய இயந்திரங்கள் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையும் வட அமெரிக்க முறையும் வேறுபட்டவை. அங்கு வாங்கிய பழைய இயந்திரம் இங்குள்ள தொலைக்காட்சியில் ஒழுங்காக இயங்காமற் போகலாம். கசெற்றுகளும் பொருந்தாமற் போகலாம். 2017இல் வந்த நின்டென்டோ ஸ்விச் போன்ற புதியவற்றில் இத்தடை இல்லை.

சட்டமும் எமக்குத் துணைநிற்கின்றது. கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வணிகர் விற்கும் பொருள் அதன் விலைக்கும் நிலைக்கும் ஏற்ற நியாயமான காலம் இயங்கவேண்டும். இது பாவித்த பொருளுக்கும், மிகச் சிறிய கடைக்கும் பொருந்தும். தனியாள் ஒருவரிடம் வாங்கினால் இச்சட்டத்தின் காப்பு இல்லை. மேலதிக உத்தரவாதத்தைக் காசுக்கு விற்க முனையும் கடை, சட்டம் இலவசமாகத் தரும் உத்தரவாதத்தைப் பற்றி முதலில் உங்களுக்கு அறிவிக்கவேண்டும் என்ற விதி 2010 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும், மனம் மாறியதற்காகப் பணத்தைத் திருப்பித் தரும் கடமை எந்தக் கடைக்கும் இல்லை; அது கடையின் கொள்கையைப் பொறுத்தது. வாங்குமுன் கேட்டறிதல் நன்று.

பிரெஞ்சு மொழி பற்றியும் பெற்றோர் அறியவேண்டும். உலகில் எங்கேனும் பிரெஞ்சுப் பதிப்பு உள்ள புதிய விளையாட்டை கியூபெக்கில் ஆங்கிலத்தில் மட்டும் விற்பதில்லை என்ற ஏற்பாடு 2009 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் வெளியான பாவித்த விளையாட்டுகளிற் பெரும்பாலானவற்றைப் பிள்ளைகள் பிரெஞ்சிலும் ஆடலாம். புதிதாக வந்த பிள்ளைக்கு இது ஒரு சிறு மொழிப்பாடமாகவும் அமையும்.

சிறு கடை எப்போதும் மலிவு என்று கூறுவது உண்மையாகாது. புத்தம் புதிய விளையாட்டின் விலை அங்கும் ஏறத்தாழ அதுவே. சேகரிப்போர் தேடும் அரிய கசெற்றுகளின் விலை தங்கத்தின் விலைபோல் ஏறியுள்ளது. வெளிவந்து ஓரிரு ஆண்டுகள் சென்ற சாதாரண விளையாட்டுகளிலும், திருத்தவேலையிலும், மாற்றிக்கொள்வதிலுமே எமக்கு இலாபம் உண்டு.

ஒளித்தட்டு மறையும் காலம்

இன்று சிறு கடையை அச்சுறுத்துவது பேரங்காடி மட்டுமன்று. கடையே தேவையற்ற விற்பனை முறையும் ஆகும். 2013இல் மைக்ரோசொஃப்ற் நிறுவனம் தன் புதிய இயந்திரத்திற் பாவித்த விளையாட்டுகளைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்க முயன்றது. மக்கள் எதிர்ப்பினால் ஒரு மாதத்துக்குள் பின்வாங்கியது. ஆனால் 2020இல் சோனி, ஒளித்தட்டுப் போடும் இடமே இல்லாத இயந்திரம் ஒன்றையும் சேர்த்து வெளியிட்டது. 2025இல் வந்த ஸ்விச் 2 இயந்திரத்தின் சில அட்டைகளில் விளையாட்டு இல்லை. அதனை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்கான திறவுகோல் மட்டுமே உண்டு. 2023 மார்ச் மாதத்தில் நின்டென்டோ தன் இரு பழைய இயந்திரங்களுக்கான இணையக் கடையை மூடியபோது, அங்கு மட்டும் விற்கப்பட்ட விளையாட்டுகளைப் புதிதாக வாங்கும் வழி அடைபட்டது. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 வீதமானவை இப்போது விற்பனையில் இல்லை என அதே ஆண்டில் வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றம் நடத்திய ஆய்வு கூறியது. அவை இன்று கிடைக்கக்கூடிய இடங்களுள் முதன்மையானவை பாவித்த பொருள் விற்கும் கடைகளே.

இணையத்தில் இறக்கிய விளையாட்டைத் தம்பிக்குக் கொடுக்கமுடியாது. அயல்வீட்டுப் பிள்ளைக்கு இரவல் கொடுக்கமுடியாது. பணமுடை வந்தால் விற்கவும் முடியாது. அண்ணனின் சட்டை தம்பிக்கும், தம்பியின் பாடப்புத்தகம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சென்ற குடும்பங்களில் வளர்ந்தவர்கள் நாம். கைமாறாத பொருள் ஏழையின் வீட்டில் இருமடங்கு விலையுள்ளது.

இந்நகரின் மைல் எண்ட் பகுதியில், முன்னர் ஆடைத் தொழிலகமாக விளங்கிய செங்கற் கட்டடம் ஒன்றில் 1997 முதல் உபிசொஃப்ற் நிறுவனம் உலகெங்கும் விலைபோகும் விளையாட்டுகளை உருவாக்கி வருகின்றது. பார்க் எக்ஸ்ரென்ஷனிலிருந்து அது தூரமன்று. விளையாட்டை ஆக்கும் நகரில் வாழும் எமது பிள்ளைகள், அதனைத் திறந்து பார்க்கவும், திருத்தவும், விலைபேசவும், பரிமாறவும் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். அதற்கான பள்ளிக்கூடம் வீதியோரச் சிறு கடையே.

ஆகவே வரும் நத்தாருக்குப் பேரங்காடிக்குப் புறப்படுமுன், ஒரு சனிக்கிழமை பிள்ளையையும் அழைத்துக்கொண்டு கடைவீதி ஒன்றில் நடந்து பாருங்கள். விலைபேசும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடுங்கள். வீட்டு அலுமாரியில் எவரும் தொடாது கிடக்கும் பழைய இயந்திரம் இருப்பின் அதனைத் திருத்தி, அண்மையில் வந்திறங்கிய குடும்பம் ஒன்றின் பிள்ளைக்குக் கொடுங்கள். எமக்கும் அவ்வாறு ஒருவர் ஏதோவொன்றைக் கொடுத்தே இந்நாட்டில் எமது முதல் மாரி கழிந்தது.